அப்துல் கரீம் கானின் கேட்கப்படாத இசைத்தட்டுகள்

நாட்டு வரலாறு எழுதுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலைச்சுவடியையும் சான்றாகக் கொள்வர். இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு அச்சான்றுகள் ஓரளவே துணைசெய்யும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இசையாசிரியனுக்கும் யாழாசிரியனுக்கும் குழலோனுக்கும் விரிவாக இலக்கணம் கூறுகிறது. ஆயினும் மாதவி ஆடிய அன்று அந்த யாழ் எங்ஙனம் ஒலித்தது என்பதை எத்துணை நுணுகிப் படித்தாலும் நம் செவி அறியாது. அவ்வளவு பின்னோக்கிப் போவானேன்? திருவையாற்றுத் தியாகராசர் மறைந்தது 1847இல். எடிசன் ஒலியைப் பதிக்கும் பொறியைக் கண்டது 1877இல். இடையே முப்பதே ஆண்டுகள். அந்த முப்பது ஆண்டுகளால் அப்பெருமானின் குரலை என்றைக்குமாக இழந்தோம்.

இதனை எண்ணும்போதுதான் நம் கையில் எஞ்சியுள்ள பழைய இசைத்தட்டுகளின் அருமை புலனாகும். அவற்றுள்ளும் புகழ்பெற்ற சிலவற்றையே திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, ஏனையவற்றை வேடிக்கைப் பொருள்கள் என ஒதுக்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுக்கப்பட்ட தட்டுகளுள் இந்துஸ்தானி இசைப் பேரறிஞர் கான் சாகிப் அப்துல் கரீம் கான் பாடியவை சில உண்டு. அவற்றைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகிறேன். வடநாட்டில் வாழும் தமிழராகிய நமக்கு அவற்றோடு ஒரு தனித்தொடர்பு இருப்பதும் இதற்கு ஒரு காரணம்.

கான் சாகிப் 1872இல் பிறந்தவர். ஊர் கைரானா. தில்லிக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் யமுனையை ஒட்டிய சிற்றூர் அது. கிரானா கரானா என்று இன்று வழங்கும் இசைமரபின் பெயர் இவ்வூர்ப் பெயரின் திரிபேயாகும். தந்தையார் காலே கான். சாரங்கியும் பாட்டும் தலைமுறை தலைமுறையாக வந்த குடும்பம். இளமையில் பரோடா அரசவையில் இருந்தார். பின்னர் மராத்திய நாட்டிலேயே தங்கி, 1913இல் புனாவில் ஆரிய சங்கீத வித்தியாலயம் என்னும் பள்ளியை நிறுவினார். இறுதியில் மிரஜ் நகரத்தைத் தம் ஊராகக் கொண்டார். தம்புரா செய்யும் கைவினைஞர்க்குப் பெயர்போன ஊர் மிரஜ். சுருதி சேர்ப்பதில் அணுவளவும் விட்டுக்கொடாத ஒருவர்க்கு அதனினும் பொருத்தமான உறைவிடம் வேறில்லை. அவருடைய மக்கள் சுரேஷ்பாபு மானே, ஹீராபாய் பரோடேகர், சரஸ்வதி ராணே ஆகியோரும், மாணவர் சவாய் கந்தர்வரும், சவாய் கந்தர்வரின் மாணவராகிய பீம்சேன் ஜோஷி, கங்குபாய் ஹங்கல் ஆகியோரும் இசையுலகம் நன்கறிந்தவர்கள். அவ்வரலாற்றை விரிப்பின் பெருகும்.

தட்டுகளுக்கு வருவோம்.

கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌகர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்தது 1902இல். அதன்பின் ஓரிரு ஆண்டுகளில் அக்கம்பெனியார் நாடெங்கும் சுற்றிப் பாடகர்களைத் தேடலாயினர். நம் பக்கத்தில் காஞ்சிபுரம் தனகோடியம்மாள், கோயம்புத்தூர் தாயி போன்றோரின் குரல்கள் தட்டேறியதும் அத்தொடக்க காலத்தில்தான். அப்துல் கரீம் கான் முதன்முதலாக 1905இல் பாடிக்கொடுத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு அல்லது முப்பத்துமூன்று.

அக்காலத்தில் மின்வழி ஒலிவாங்கி கிடையாது. ஒரு பெரிய தகரக் கொம்பின் வாய்க்குள் முகத்தை நீட்டிப் பாடகர் உரத்துப் பாடவேண்டும். அவ்வொலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். மெல்லிய ஒலிகள் கொம்பில் ஏறா. தம்புராவின் நாதம் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். மூன்று நிமிடத்துக்குச் சற்று ஏறக்குறைய எல்லாம் முடிந்தாக வேண்டும். பாட்டின் இறுதியில் பாடகர் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வதை அக்காலத் தட்டுகள் பலவற்றில் கேட்கலாம். செருமனியில் தட்டு அச்சிடுவோர்க்கு இன்னார் பாட்டு இது என்று தெரியவேண்டுமே! ஆம், இங்கே பாடியது கடல் கடந்து செருமனியின் ஹானோவர் நகருக்குப் போய்த் தட்டாகித் திரும்பி வந்தது. கல்கத்தாவை அடுத்த சியால்டாவில் தொழிற்சாலை அமைந்தது 1908இல்தான். தட்டுக்கு இன்றியமையாத அரக்கோ பெரும்பாலும் நம் நாட்டுக் காடுகளிலிருந்து அங்கே போனது. அரக்கும் நம்முடையது, பாட்டும் நம்முடையது. விலை கொடுத்து வாங்கியவர்களும் நாமே.

இந்த 1905ஆம் ஆண்டுத் தட்டுகளைக் கேட்டோர் பலர் முகம் சுளித்திருக்கின்றனர். பிற்காலத்துக் கான் சாகிபின் குரலில் உள்ள கனிவு எங்கே, உருக்கம் எங்கே என்பது அவர்கள் வினா. குரல் கீச்சென்று ஒலிக்கிறது; தான்கள் விரைந்தோடுகின்றன; ஒரு சுரத்தில் நின்று அதனைக் கண்ணீராக்கும் நிதானம் இல்லை என்பார்கள். இக்குறைகளுள் ஒரு பாதி பாடகருடையதன்று; தட்டைச் சுழற்றுபவருடையது.

நிமிடத்துக்கு 78 சுற்று என்னும் கணக்கு பிற்காலத்தில்தான் நிலைபெற்றது. முற்காலத் தட்டுகள் எழுபதுக்குச் சற்று மேற்பட்ட சுற்றிலிருந்து எண்பது சுற்று வரை பலவாறாகப் பதிவாயின. 74 சுற்றில் பதிவான ஒன்றை 78இல் ஓடவிட்டால் பாடகர் ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடியது ஏறக்குறைய இரண்டு கட்டைக்கு ஏறிவிடும். காலப்பிரமாணமும் அதே அளவுக்கு விரையும். முப்பது வயது ஆடவரின் குரல் விடலைச் சிறுவனின் குரல்போல் ஆகும். அவசரம் அவர் தலையில் ஏற்றப்படும். சுற்றைக் குறைத்துச் சரியாக ஓடவிட்டுக் கேட்பவர்க்கு வேறோர் அப்துல் கரீம் கான் தென்படுகிறார். வளமும் வலிமையும் மிக்க இளைஞர் அவர். தாம் கற்ற வித்தை அனைத்தையும் மூன்று நிமிடத்துக்குள் கொட்டிவிட வேண்டும் என்னும் துடிப்பு அக்குரலில் தெரிகிறது.

எஞ்சிய பாதி உண்மையே. அவருடைய விரைவு தட்டால் மட்டும் வந்ததன்று. இங்கேதான் அத்தட்டுகளின் வரலாற்றுப் பயன் இருக்கிறது. நாம் கான் சாகிபை மென்மையே உருவான பாடகர் என்று எண்ணிப் பழகிவிட்டோம். பிறவியிலேயே அவர் அங்ஙனம் பாடினார் என்பதுபோல. 1905ஆம் ஆண்டுத் தட்டுகள் அவ்வெண்ணத்தை மறுக்கின்றன. அம்மென்மை முப்பது ஆண்டுப் பயிற்சியால், கழித்தும் நீக்கியும் அவர் தேடிக்கொண்டது. எதனை விட்டார் என்பதை அறியாமல் எதனை அடைந்தார் என்பதை அறிய இயலாது.

தட்டின் நடுவே ஒட்டுத்தாளுக்கு அருகில் ஊசியால் கீறியதுபோல் ஓர் எண் காணப்படும். கேட்போர் இதனைக் கவனிப்பதில்லை. நாள் முழுதும் கோப்பு எண்களோடு காலம் தள்ளும் என்போன்றோர்க்கு இது கண்ணில் படாமல் போகாது. இவ்வெண்களை வரிசைப்படுத்திப் பதிவான ஆண்டையும் முன்பின் முறையையும் கணித்தறியும் கலையைத் தட்டாராய்ச்சியாளர் வளர்த்துள்ளனர். ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் இத்துறையில் பெரும்பணி ஆற்றியவர். கான் சாகிபின் தட்டுகளுக்கென்றே தனி நூல் ஒன்று எழுதினார். இந்நாட்டு இசைக்கு ஒரு பதிவேடு தயாரிக்க ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது என்பது பெருமைப்படத்தக்க செய்தியன்று.

1905க்குப் பின் கான் சாகிபின் அடுத்த பெரும்பதிவு 1930களின் நடுப்பகுதியில்தான் நிகழ்ந்தது. அவை ஓடியன் தட்டுகள். இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டு வெற்றிடம். தியாகராசருக்கும் எடிசனுக்கும் இடையே இருந்த அதே கால அளவு! அந்த இடைவெளியில் கான் சாகிப் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அறிந்தால்தான் பிற்காலத் தட்டுகளின் பொருள் விளங்கும். இரண்டு செயல்களை மட்டும் குறிப்பிடுகிறேன்.

ஒன்று, சுருதி ஆராய்ச்சி. சாங்கிலியில் வாழ்ந்த ஓய்வுபெற்ற துணைக் கலெக்டர் கே. பி. தேவல் என்பவரும், மாவட்ட நீதிபதியாயிருந்த கிளெமெண்ட்ஸ் என்னும் ஆங்கிலேயரும், நூல்களில் கூறப்படும் இருபத்திரண்டு சுருதிகளை அளந்து நிறுவ முயன்றனர். அலுவல் முடிந்தபின் இத்தகைய ஆராய்ச்சியில் இறங்கிய அரசு ஊழியர் அக்காலத்தில் இருந்தனர் என்பதைப் படிக்க நெஞ்சம் சற்றே நிமிர்கிறது. அளப்பதற்கு அவர்களுக்குத் தவறாத ஒரு குரல் வேண்டும். அக்குரல் அப்துல் கரீம் கானுடையது. தேவலின் நூல் 1910இலும் கிளெமெண்ட்ஸின் நூல் 1913இலும் வெளிவந்தன. இருபத்திரண்டு சுருதிகளையும் ஒலிக்கும் ஆர்மோனியம் ஒன்றும் செய்தனர். 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில் அது பெரும் வாதத்துக்கு உள்ளாயிற்று. அவ்வாராய்ச்சியின் முடிவுகள் ஒருபுறமிருக்க, ஒரு பாடகரின் செவி எத்துணை நுட்பமாக வேலை செய்தது என்பதற்கு இது போதிய சான்று.

மற்றொன்று, தென்னாட்டு இசையோடு அவர் கொண்ட தொடர்பு. மைசூர் அரசவையில் அவர் பலகாலும் பாடியிருக்கிறார். அங்கே கருநாடக இசை வித்துவான்களின் பாட்டைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. மிரஜிலிருந்து மைசூருக்குப் போகும் வழியில் தார்வாடு உள்ளது. அங்கே கங்குபாய் ஹங்கலின் தாயார் அம்பாபாய் கருநாடக இசையில் தேர்ந்தவர். கான் சாகிப் அவர் இல்லத்துக்கு வந்து அமர்ந்து அப்பாட்டைக் கேட்பது வழக்கம் என்று கங்குபாய் நினைவுகூர்ந்துள்ளார். புகழின் உச்சியிலிருந்த ஒருவர் வேறொரு மரபின் பாட்டைக் கேட்கத் தேடிச்சென்று அமர்ந்தார் என்பது சிறிய செய்தியன்று. கியால் பாட்டில் சுரங்களைப் பெயர்சொல்லிப் பாடும் முறையை அவர் விரிவாகக் கையாண்டதற்கும், ஆபோகி போன்ற நம் இராகங்கள் வடக்கே பரவியதற்கும் இத்தொடர்பே காரணம் என்பது இசையறிஞர் பலரின் துணிபு.

ஓடியன் தட்டுகளுள் பெரும்புகழ் பெற்றவை எவை என்று கேட்டால் எவரும் சொல்லிவிடுவர்: ஜோகியா, பைரவி, ஜிஞ்ஜோட்டி. ஜிஞ்ஜோட்டித் தும்ரித் தட்டைத் தம் இளமையில் கேட்டு நிலைகொள்ளாமற் போனதாகப் பீம்சேன் ஜோஷி சொல்லியிருக்கிறார். இவை பின்னர் நெடுந்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் குறுந்தட்டாகவும் மீண்டும் மீண்டும் வெளிவந்தன. அவற்றின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை, சொன்னாலும் எடுபடாது. ஆனால் அதே காலத்தில் அவர் பாடிய தியாகராச கீர்த்தனைகள் இரண்டு உள்ளன: கரகரப்பிரியாவில் 'ராம நீ சமானமெவரு', சுத்த தன்யாசியில் 'எந்த நேர்ச்சின'. பின்னதன் இராகத்தை உதயரவிச்சந்திரிகை என்றும் சிலர் குறிப்பர். இவ்விரண்டையும் பேசுவோர் மிகச் சிலர். பேசுவோரும் 'வடநாட்டு முஸ்லிம் பாடகர் ஒருவர் தியாகராசரைப் பாடினார் பாருங்கள்' என்று வியந்து, ஒருமைப்பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டாக மேடையில் கூறிவிட்டு அமர்ந்துவிடுவர். எப்படிப் பாடினார் என்பதைக் கேட்பாரில்லை.

அவர் அக்கீர்த்தனைகளை இந்துஸ்தானி உருப்படிகளாக மாற்றிவிடவில்லை. நான் வற்புறுத்த விரும்புவது இதுவே. கரகரப்பிரியாவின் சுரங்கள் வடக்கே காபி தாட்டின் சுரங்களே. அவர் விரும்பியிருந்தால் முதலடியை மட்டும் எடுத்துக்கொண்டு காபியில் தமக்குப் பழகிய வழியில் விரித்திருக்கலாம். சுத்த தன்யாசியும் அவர்களுடைய தானி இராகத்துக்கு உறவே. அதிலும் அதே எளிய வழி இருந்தது. அவர் அதனைக் கொள்ளவில்லை. கீர்த்தனையின் கட்டுக்கோப்புக்குள் நின்று பாடுகிறார். சங்கதிகளை நிரவலாக்கிக் கரைத்துவிடாமல், வகுத்த படியே படியேறிச் செல்ல முயல்கிறார். நம் கரகரப்பிரியாவில் காந்தாரம் அசைந்து நிற்பது. காபியில் ஒப்புநோக்க அமைதியாய் நிற்பது. கான் சாகிபின் காந்தாரம் இரண்டுக்கும் இடையே ஓரிடத்தில் தயங்கி நிற்பதாக என் செவிக்குப் படுகிறது. நம்முடைய கமகம் அவர் தொண்டைக்கு முழுதும் வசப்படவில்லை. தம்முடைய மீண்டினை விட்டுவிடவும் அவர் மனம் ஒப்பவில்லை. அந்தத் தயக்கத்தைக் குறை என்று கொள்வோர் கொள்க. இருபத்திரண்டு சுருதியையும் அளந்துகாட்டிய ஒரு செவி, தனக்குப் புதிதான ஒரு சுரநிலையைத் தேடுவதை நேரில் கேட்கும் வாய்ப்பாகவே நான் அதனைக் கருதுகிறேன்.

சொற்கள் பிழைபட்டிருக்கின்றன, மறுப்பதற்கில்லை. தெலுங்கறிந்தவர் சில இடங்களில் புன்முறுவல் பூப்பர். ஆனால் தமிழராகிய நாம் அங்ஙனம் நகைக்குமுன் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று. 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, பொருள் தெரியாத மொழியில் பாடி அம்மொழியையும் சிதைக்கின்றனர் என்பது நம் பாடகர்கள் மீதே சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. அவ்வியக்கத்தின் கோரிக்கை நியாயமானது என்பதே என் கருத்து. அதே நியாயப்படி பார்த்தாலும், கோதாவரிக்குத் தெற்கே பிறந்து தெலுங்கைச் சிதைத்தவர்க்கு உள்ள மன்னிப்பு யமுனைக்கரையில் பிறந்தவர்க்கும் உரியதன்றோ?

இத்தட்டுகள் ஏன் கேட்பாரற்றுப் போயின? தட்டு விற்பனைப் பட்டியல்கள் மொழிவாரியாகவும் வகைவாரியாகவும் அமைந்தவை. ஓர் இந்துஸ்தானிப் பாடகரின் தெலுங்குக் கீர்த்தனையைக் கடைக்காரர் எந்த அடுக்கில் வைப்பார்? பம்பாயில் கேட்போர்க்கு அது புரியாத பாட்டு. சென்னையில் கேட்போர்க்கு அது பழகாத பாணி. இங்கே பாட்டுக் கச்சேரிக்குப் போகும் நம்மவருள்ளும் இரு சாரார் உண்டு. இந்துஸ்தானி இசையில் ஈடுபட்டவர் கான் சாகிபின் ஜோகியாவோடு நின்றுவிடுவர். கருநாடக இசையன்றி வேறறியாதவர் அவர் பெயரையே கேட்டிரார். இரு வீட்டுக்கும் உறவானவரை இரு வீட்டாரும் விருந்துக்கு அழைக்க மறந்த கதைதான் இது.

இன்னொரு காரணமும் உண்டு. தியாகராச கீர்த்தனையைப் பாட நம்மிடம் ஆயிரம் பேர் இருக்க, அயலார் பாடியதை ஏன் கேட்க வேண்டும் என்னும் எண்ணம். தரத்தை மட்டும் நோக்கினால் இவ்வாதத்துக்கு விடை சொல்வது கடினம். அரியக்குடியாரின் கரகரப்பிரியாவோடு இதனை ஒப்பிட்டு எடைபோடுவது அறிவுடைமையாகாது. ஆனால் நாம் வரலாற்றை நோக்குகிறோம். வானொலி நாடெங்கும் பரவாத காலம்; இரு மரபினரும் ஒரே மேடையில் சேர்ந்து பாடும் வழக்கம் தோன்றாத காலம். தென்னாட்டு வித்துவான்கள் இந்துஸ்தானி மெட்டுகளைக் கச்சேரியின் பிற்பகுதியில் துக்கடாவாகப் பாடியதுண்டு. அங்கிருந்து ஒரு பெரும்பாடகர் இறங்கிவந்து, நம் இசையின் நடுக்கூறாகிய கீர்த்தனையைக் கற்று, தட்டிலும் பதிவு செய்ய ஒப்புக்கொடுத்தது அரிதினும் அரிது. தம் பெயருக்கு இதனால் ஏதும் கூடாது என்பதும், இரு பக்கத்தாரும் குறைகூறக் கூடும் என்பதும் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அறுபது வயதைக் கடந்த ஒருவர், தமக்கு வாய்த்த சில தட்டுப் பக்கங்களுள் இரண்டினைத் தாம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு ஒதுக்கினார். அவருடைய ஜோகியாவைக் காட்டிலும் இச்செயல் என்னை வியக்கவைக்கிறது.

சேகரிப்பாளர் சிலரின் உழைப்பால் இவ்விரு கீர்த்தனைகளையும் இன்று கணிப்பொறி வழியே எவரும் கேட்கலாம். தட்டின் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். முதல் முறை கேட்கும்போது அவ்விரைச்சலும் உச்சரிப்புமே முன்நிற்கும். மூன்றாம் முறை கேட்கும்போது அவை பின்வாங்கிக் குரல் முன்வரும். கேட்குமுன் அதே பாடலை நம் வித்துவான் ஒருவர் பாடக் கேட்டுவிட்டுப் பிறகு இதற்கு வருவது நலம். எங்கே அவர் நம் வழியில் வருகிறார், எங்கே பிரிகிறார் என்பது அப்போதுதான் தெளிவாகும்.

1937இல் கான் சாகிப் மீண்டும் தெற்கே வந்தார். சென்னையில் பாடியபின் புதுச்சேரிக்குப் புகைவண்டியில் புறப்பட்டார். வழியில் நெஞ்சுவலி கண்டது. செங்கற்பட்டுக்கு முன்னுள்ள சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கினார். குடைவரையில் நரசிங்கப் பெருமாள் எழுந்தருளியுள்ள தலம் அது. ஊர்ப்பெயரும் அதனால் வந்ததே. நிலைய மேடையில் படுக்கை விரித்துத் தொழுகையை முடித்து, தர்பாரி இராகத்தில் கலிமாவைப் பாடியவாறே உயிர்நீத்தார் என்று அவர் மாணவர் வழியில் சொல்லிவருகின்றனர். நாள் 27 அக்டோபர் 1937. அவர் உடல் சென்னைக்கும் அங்கிருந்து மிரஜுக்கும் கொண்டுசெல்லப்பட்டு, குவாஜா சம்சுத்தீன் மீரா சாகிப் தர்காவை ஒட்டி அடக்கம் செய்யப்பட்டது. ஆண்டுதோறும் அத்தர்காவில் அவர் நினைவாக இசைவிழா நடைபெறுகிறது. கிரானா மரபினர் வந்து பாடிச் செல்கின்றனர்.